கெண்டையின் வயிற்றில் இருந்தது

நேற்று டீக்கடை முன்னால் திப்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் அந்தச் சக்கையின் புளித்த நெடிக்கு எல்லோரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும் மறுபடி பள்ளிக்கூட வயதில், இன்று பஸ் ஸ்டாண்டாகிவிட்ட எங்கள் ஏரிக்கரையில், கோரைப்புல் காலில் உரச, பழனி சித்தப்பா மூங்கில் தூண்டிலை ஓசையில்லாமல் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு நடக்கும் தூண்டில் போட்டியில் மூன்று வருஷமாக அவர் மீன்தான் எடை கூடுதல் என்பதால், மீன் வாயில் கல்லைத் திணிக்கிறார் என்று ஊரே பேசியது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் ‘கல்லுமீனு’ என்றே பெயர்.

நாலாம் வருஷம் தராசு பிடித்தவர் கத்தியை எடுத்தார். “வவுத்தக் கிழிச்சுப் பாத்தரலாமுங்களா?”

“பரிசே வேண்டாமுங்க, உட்ருங்க,” என்று சித்தப்பா கெண்டையைப் பிடுங்கப் போனதும், கல் இருக்கிறது என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கல் விழும் சத்தம் கேட்கவில்லை, சிரிப்புதான் கேட்டது. கண்ணைத் திறந்தால், குடல் முழுக்க வெள்ளையாகத் திப்பி.

“அட, மில்லுத் திப்பியவா தூண்டில்ல வெச்சீங்க? இதையா இத்தன நாளா மறைச்சீங்க?” என்றார் தராசு பிடித்தவர்.

அடுத்த வருஷம் கரை முழுக்கத் திப்பி நாறியது. சித்தப்பா அதன்பிறகு ஜெயிக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் ‘திப்பி’ என்று மாறியது. முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது, ‘கல்லுமீனு’ என்றால் திரும்பிக்கூடப் பார்க்காத நான், “என்னடா?” என்று சத்தமாகவே கேட்டேன்.