என் காப்பியில் இருந்த மாத்திரை

என் குடியைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. எனக்கு மட்டும்தான் இல்லை. சாலைக் கடைத்தெருவில், ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்ததும் நேரே மதுக்கடை வரிசையில் போய் நிற்பேன். கோயிலில்கூட அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை. வாங்கிக்கொண்டு வந்து வீட்டு மாடியறையில் தனியாகக் குடிப்பேன். சண்டை போட்டதில்லை, சட்டி பானையை உடைத்ததில்லை. அதனால் என் குடியால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கீழே தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற என் மனைவியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

ஒரு சாயங்காலம் முதல் கிளாஸ் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முகம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வாங்கியது, வாந்தி நிற்கவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். சத்தம் கேட்டு மேலே ஓடி வந்த மனைவி என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நான்தான்... நான்தான் காப்பியில கலக்கிட்டேன்!"

ஆட்டோவில் போகும்போது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி தன் புருஷனுக்குக் கொடுத்து மிச்சம் இருந்த மாத்திரைகளை இவளிடம் தந்திருக்கிறாள். அவளுக்கு அதைத் தந்தவள் பக்கத்துத் தெருக்காரி. உறைமோர் கேட்டு வாங்குவது போல எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த மாத்திரையைக் கைமாற்றிக்கொண்டிருந்தது எந்தப் புருஷனுக்கும் தெரியாது. காலையில் காப்பியில் பொடித்துப் போட்டால் போதும், குடி தானாக வெறுத்துவிடும் என்று மட்டும்தான் இவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவன் மது குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை ஒருத்தியும் இன்னொருத்திக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "பைஸ்டாண்டர் ஆரா?" என்று மலையாளத்தில் கூப்பிட்டாள். நோயாளிக்குத் துணை நிற்பவருக்கு எங்கள் மலையாள ஊரில் அதுதான் பெயர். அதன் பிறகு பேச்செல்லாம் பைஸ்டாண்டரோடுதான். என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடிப்பார், கோபம் வருமா என்று அவளிடமே கேட்டார்கள். நான் கட்டிலில் கிடந்த ஒரு சாமான்.

பிழைத்து எழுந்தபின் அதே ஆஸ்பத்திரியில் குடிநோய் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். இளம்வயதுப் பெண். அவரும் முதலில் என் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். "எந்த மாத்திரை வேணும்னாலும் கொடுங்க டாக்டர், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முழுங்கப்போறது நான்தானே? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்குப் புரிகிற மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஒன்று, என் மனைவி கலக்கிய அதே மாத்திரை. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு அன்றைக்கு ஆடிய மாதிரி ஆடும். அந்தப் பயத்திலேயே சிலர் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அவர்கள் தெரிந்தே போட்டுக்கொள்கிறவர்கள். இன்னொன்று, குடிக்க வேண்டும் என்கிற அரிப்பைக் குறைப்பது. குடித்தாலும் பழைய சுகம் இருக்காது. ஈரலைப் பரிசோதித்துவிட்டுத் தருவார். மூன்றாவதாக ஒன்று, குடியை விட்டவர்கள் திரும்பத் தொடாமல் இருக்க மூன்று வேளையும் போட வேண்டியது. எதில் என்ன தொல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, "சேட்டன் பறயூ, சேட்டனு ஏது வேணம்?" என்றார்.

உனக்கு எது வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அரிப்பைக் குறைக்கிற மாத்திரையைச் சொன்னேன். பயந்து பயந்து ஒழுங்காக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: "அத போட்டுக்கிட்டு குடிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அல்லே? அப்பம் குடிக்கதுக்கு ஒரு வாசல தொறந்து வச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"நீ என்னக் கொல்லப் பாத்தியே, அது மட்டும் சரியா?" என்றேன்.

அதோடு எங்கள் பேச்சு நின்றது. மறுநாள் காலை நானே அடுப்படியில் போய்க் காப்பி போட்டுக்கொண்டேன். அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் தனக்குப் போட்டுக்கொள்வாள், நான் எனக்குப் போட்டுக்கொள்வேன். ஒரே பில்டர், இரண்டு முறை கழுவல். மாத்திரை வேலை செய்தது. ஆரம்பத்தில் இரண்டு தடவை சறுக்கினேன், குடித்ததில் ஒரு ருசியும் இல்லை, அப்புறம் அந்த வரிசைக்குப் போகவே தோன்றவில்லை. ஆனால் கடை அடைத்தபின் என்ன செய்வதென்றே தெரியவில்லை. வரிசையில் கூட நின்று பழகியவர்கள் என்னைக் கண்டால் கையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். பெங்களூரில் இருக்கிற மகள் அம்மாவோடு பேசிவிட்டு போனை வைத்துவிடுவாள். குடித்த காலத்தில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அப்போது பாட்டிலாவது இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேசான காய்ச்சலில் நேரம் கழித்து எழுந்து வந்தேன். சாப்பாட்டு மேஜையில் என் டம்ளரில் காப்பி இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் ஈரத்துணி வாளியோடு பக்கத்தில் நின்றாள். ஆசையாகத்தான் கையை நீட்டினேன். சத்தியமாக எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் டம்ளரைத் தொடுவதற்கு முன்னால் கை ஒரு கணம் தானாக நின்றுவிட்டது.

அவள் பார்த்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே பாதிக் காப்பியைக் குடித்தாள். திரும்ப என் முன்னால் வைத்தாள்.

"கலக்கணும்னா இத்தன நாளும் சோத்துல கலக்கியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நீங்க வீடு வந்து சேருத வரைக்கும் பயந்துக்கிட்டு வாசல்ல நிக்கேன். கேக்காம ஒண்ணும் செய்யக்கூடாதுன்னுதான் கையக் கட்டிக்கிட்டு இருக்கேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

மேலே அவள் துணிகளை உதறும் சத்தம் கேட்டது. அட்டையிலிருந்து என் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, அவள் மிச்சம் வைத்த காப்பியைக் குடித்து விழுங்கினேன். காப்பி ஆறிப்போயிருந்தது. நான் குடித்ததை அவள் பார்க்கவில்லை.