கலா மேடத்துக்கிட்ட யாரும் கேக்காத கேள்வி

இன்னைக்கு எங்க காலேஜ் டீச்சர்ஸ் எல்லாருக்கும் போன்ல ஒரு ஃபார்ம் வந்துச்சு. வேலையில திருப்தியா இருக்கீங்களான்னு கேள்வி.

பேரையும் போடணுமாம். அப்புறம் யாரு உண்மையைச் சொல்லுவா? "மிகவும் திருப்தி"ன்னு டிக் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.

பிசிக்ஸ் கலா மேடம் மட்டும் கீழ இருந்த கட்டத்துல எழுதிட்டாங்க: "ஆறு வருசமா இருக்கேன். ஃபைல் முடிஞ்சுச்சான்னு தினமும் கேக்குறாங்க. கிளாஸ் எப்படிப் போச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை."

சாயங்காலம் கிளம்புற நேரத்துல பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துட்டாரு. மேடம் எந்திரிச்சு நின்னாங்க. மெமோதான்னு நாங்களும் நினைச்சோம்.

அவரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"உக்காருங்கம்மா. இன்னைக்கு என்ன நடத்துனீங்க?"

மேடம் சேர் நுனியில உக்காந்தாங்க. அப்புறம் வானவில் எப்படி வருதுன்னு ஆரம்பிச்சவங்க, கண்ணு கலங்கச் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நாங்க வழக்கமா ஊருக்குப் போற அன்னவாசல் பஸ்ஸே போயிருச்சு.

பக்கத்து சேர்ல உக்கார்ற நானும் இத்தனை நாள் கேக்கலையேன்னு மனசு குத்துச்சு.

இப்ப அடுத்த பஸ்ஸுக்கு அவங்களோடதான் நிக்கிறேன். பாடம் இன்னும் முடியலை. நீங்களும் உங்க ஆபீஸ்ல யாரையாச்சும் கேட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஆனா, பஸ்ஸை விட்டா நான் பொறுப்பில்லை.