மூன்றாம் இடத்துத் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நகரத்து மழைநீர்க் கால்வாயை ஆராயும் ஆய்வகத்தில் ஆறு வருடமாக வேலை. அங்கே தண்ணீரைப் பார்க்க ஒருவர், மீனைப் பார்க்க ஒருவர் என்று பெரிய படிப்பாளிகள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். கால்வாயில் இறங்கிப் பத்து இடத்தில் தண்ணீர் மொண்டு வருவதும், சோதனை முடிந்த குடுவைகளைக் கழுவுவதும் இவர். தெருவில் இவருக்குப் பெயர் 'பாட்டில்'. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கேட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன மாதம் சேற்றுப் புழுக்களைப் பார்க்கவென்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். மூன்றாம் இடத்தில் புழுவே இல்லை என்றார். சோதித்தால் தண்ணீரில் குரோமியம் என்ற விஷ உலோகம். இரண்டாம் இடத்தில் அது இல்லை. இரண்டுக்கும் நடுவே எல்லோர் கண்ணிலும் பட்டது முலாம் பூசும் பட்டறை ஒன்றுதான். அது என் நாத்தனார் வீட்டுக்காரருடையது. திங்கட்கிழமை சீல் வைப்போம் என்று மாநகராட்சியிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

நாத்தனார் வாசலிலேயே நின்று இவரைக் கேட்டாள். "தொட்டி கட்டி சுத்தம் பண்ணித்தான் விடறோம். என் வயித்துல அடிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. லீவு நாளிலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கெஞ்சிக் கூத்தாடிச் சோதிக்க வைத்தார். பட்டறைக்கு நூறு அடி மேலே, தண்ணீர் வரும் பக்கத்திலும் குரோமியம். இன்னும் மேலே போனால் இன்னும் அதிகம். போகப் போக ஆய்வகத்துச் சுவரே வந்துவிட்டது. அன்றைக்கு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"உக்காருங்களேன், தரை தேயுது" என்றேன்.

"சோதனைக்கு ஆரஞ்சு கலர்ல ஒரு மருந்து ஊத்துவாங்க. அதுல குரோமியம் இருக்கு. மிச்சத்தைத் தனியா கேன்ல சேக்கணும்னு யாரும் சொல்லல. பின்பக்கத் தொட்டிலதான் கொட்டிக் கழுவுவேன்."

"அது பாதாளச் சாக்கடைக்குத்தானே போகும், கால்வாய்க்கு இல்லையே?"

"அப்படித்தான் நெனச்சேன்."

ஞாயிறு காலை, துணிக்குப் போடும் நீலத்தோடு என்னையும் ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். இவர் உள்ளே தொட்டியருகே. நான் வெளியே கால்வாய் ஓரம், காதில் போனோடு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை படித்தவர்களில் ஒருவருக்காவது தங்கள் ஆய்வகத்துக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றியதா?

"ஊத்திட்டேன். தெரியுதா?"

கால்வாய்க்குள் நீட்டியிருந்த குழாய் வாயில் நீலம் வழிந்தது. இல்லை என்று சொல்லிவிடத்தான் ஆசை. இவர் வேலை போனால் எங்கள் பாடு என்ன?

"தெரியுதுங்க" என்றேன்.

வெளியே வந்து தானும் பார்த்தார். அங்கேயே நின்று தங்கைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"உங்க பட்டறை இல்லம்மா. நான்தான். ஆறு வருஷமா என் கையாலேயே ஊத்தியிருக்கேன். நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"உனக்கு வேலை இருக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

இவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கி, "அதை அப்புறம் பாத்துக்கலாம், நீ வீட்டுக்கு வா" என்றேன்.