வச்சிடட்டுமா?

"மனுஷன் வாயிலேர்ந்து என்ன விழுந்தாலும் என் புரோகிராம் பிடிச்சுக்கும். நடுவுல ஒரு ஆள் வந்து பேச வேண்டிய அவசியமே இருக்காது" என்று அவர் அறிவித்த நாளில் அலுவலகம் எழுந்து நின்று கைதட்டியதாகத் தகவல் இல்லை. பக்கத்து மேஜைக்காரி மட்டும் அவருக்கு 'கேட்ச்' என்று பெயர் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது.

மருத்துவமனைக்கு ஃபோன் செய்பவரிடம் மனிதக் குரலில் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துத் தரும் இயந்திரம். அதற்கு ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது கேட்சின் பிழைப்பு. அழைத்தவர் பேசாமலிருந்தால் ஒரு நிகழ்வு, புரியாமல் பேசினால் இன்னொரு நிகழ்வு. எது நடந்தால் என்ன செய்வது என்று கவனித்துக்கொள்ளும் துண்டு நிரலுக்கு 'ஹேண்ட்லர்' என்று பெயர். ஆயத்தமாகக் கிடைக்கும் ஹேண்ட்லர்களை கேட்ச் மதிப்பதில்லை. இருமலுக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று, பின்னால் குழந்தை அழுதால் ஒன்று, எல்லாமே சொந்தத் தயாரிப்பு.

"ஊர்ல எவன் தும்மினாலும் இவருக்குக் கேக்குது. அடுப்படியிலேர்ந்து நான் கத்துறதுதான் கேக்காது" என்பது அவர் மனைவியின் சான்றிதழ்.

நிஜ அழைப்புகளோடு வெள்ளோட்டம் பார்க்கும் நாள் வந்தது. மாலைக்குள் இயந்திரம் ஒழுங்காகப் பேசினால் மருத்துவமனை நிர்வாகி அம்மாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். கேட்சின் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

காலையிலேயே எல்லா லைனும் அடைத்துக்கொண்டது. யாருமே ஃபோனை வைக்கவில்லை. கேட்ச் ஒரு பெரியவரின் அழைப்பை ஒட்டுக்கேட்டார்.

"நாளை காலை பத்து மணிக்கு இதய மருத்துவர். நன்றி" என்றது இயந்திரம்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப வச்சிடட்டுமா?"

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"இல்லம்மா, ஃபோனை வச்சிடட்டுமான்னு கேட்டேன்."

"மன்னிக்கவும், புரியவில்லை."

பெரியவர் நாகரிகம் தெரிந்தவர். எதிராளி 'சரி' சொல்லாமல் எப்படி வைப்பார்? இன்னும் ஒரு மன்னிப்புக்குப் பிறகு இயந்திரம் முதலிலிருந்து தொடங்கியது. அவரும் மறுக்கக் கூச்சப்பட்டு எலும்பு மருத்துவரையும், அடுத்த சுற்றில் மகப்பேறு மருத்துவரையும் பார்க்கச் சம்மதித்தார்.

"வைக்கிறதுக்கு எதுக்குய்யா பர்மிஷன்? வச்சுத் தொலைய வேண்டியதுதானே" என்று கேட்ச் திரையைப் பார்த்துக் கேட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு 'விடைபெறுதல்' என்றொரு புது நிகழ்வை உண்டாக்கினார். 'வச்சி', 'வச்சா', 'வைக்க' என எது காதில் விழுந்தாலும் "சரிங்க, வையுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்கும் ஹேண்ட்லர். லைன்கள் மளமளவென்று காலியாயின. கேட்ச் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த சூடு ஆறுவதற்குள் நிர்வாகி அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒரு அம்மா, வயித்துல கை வச்சா வலிக்குதுன்னு சொன்னாங்களாம். 'சரிங்க, வையுங்க'ன்னு சொல்லி கட் பண்ணிடுச்சாம் உங்க மெஷின்."

"அவங்க வேற வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம்."

"நோயாளிக்கு வார்த்தை சொல்லிக் குடுக்கவா நான் ஆஸ்பத்திரி நடத்துறேன்? புரியலன்னா ஒரு ஆள் எடுத்துப் பேசணும். அது இல்லாம கையெழுத்து கிடையாது."

கேட்ச் குழுவின் முகங்களைப் பார்த்தார், விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். 'விடைபெறுதல்' அழிந்தது. மூன்று முறை புரியாவிட்டால் அழைப்பை ஆளிடம் மாற்றும் ஹேண்ட்லர் அந்த இடத்தில் ஏறியது. ஆளின் எண் என்ன என்று நிரல் கேட்டது. தன் மேஜை ஃபோனின் எண்ணைத் தட்டினார்.

உடனே மணி அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க."

"அப்பாடா, ஆளா? ஒண்ணுமில்ல தம்பி, டைம் குறிச்சாச்சு. வச்சிடட்டுமா?"

"வைங்கம்மா."

நிர்வாகி அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"நீங்க முதல்ல வைங்க தம்பி."

"பரவால்லம்மா, நீங்களே வைங்க."

அந்த அம்மா வைக்கவில்லை. கேட்சும் வைக்கவில்லை.