முன்னால் போன பை

விழுப்புரத்திலிருந்து நெதர்லாந்து போய், உட்ரெக்ட் என்ற ஊரை மூன்றே மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறோம் என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கை நன்றாகவே சிரித்தாள். "மூணு நாளுக்கா அக்கா இம்மாந்தூரம்? மாமா திருவக்கரைக்குப் போய்ட்டு வந்தாலே ரெண்டு நாளைக்குக் கால நீட்டிக்கினு படுத்துடுவாரு. அதுவும் இந்தக் குளிர்காலத்துல" என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஏன் மூன்று நாள், ஏன் அந்த ஊர் என்பதை அவளிடம் அப்போது சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன்பு அங்கேயே ஒரு டச்சுக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்து முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள். என் கணவர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "இனிமே என் வாசப்படிய மிதிக்காத. நானும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். அவளோடு அவர் நேராகப் பேசியது அதுதான் கடைசி. அப்புறம் கல்யாண போட்டோவை அனுப்பினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பெண்ணும் அப்படியே, அப்பனை உரித்து வைத்துப் பிறந்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும்.

அந்த ஐப்பசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "அம்மா, என் வீடும் வேணாம், உங்க வீடும் வேணாம். கிறிஸ்துமஸ் லீவுல எனக்கு மூணு நாள் சேர்ந்தாப்புல கிடைக்குது. உட்ரெக்ட்ல ரூம் போடறேன். அங்க யாருக்கும் வாசப்படி கிடையாது" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அப்புறம் சுவரைப் பார்த்து, "அந்த ஊர்ல பாக்கறதுக்கு இன்னா இருக்குதுன்னு கேளு" என்றார். சட்னி எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய் நான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் உட்ரெக்ட்தான். அவர் என்னிடம் கேட்பார், அவள் என்னிடம் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் இரண்டு பேர் சொல்வதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் நடுவில் இருந்தாக வேண்டும். குளிர் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு மூன்று டிகிரி இருக்கும் என்றாள். உடனே எழுந்து போய் ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கிற இடத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "தாங்கலாம்" என்றார். பாண்டிச்சேரிக்குப் போய் எங்கள் இருவருக்கும் ஸ்வெட்டர் வாங்கி வந்தார். விழுப்புரத்து மத்தியானத்தில் அதைப் போட்டுக்கொண்டு, பழக வேண்டும் என்று சொல்லி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ஷூ போடாத மனுஷன், ஷூ வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினார்.

ஊரின் படங்களைப் பெண் அனுப்பினாள். தெருவுக்குக் கீழே கால்வாய். கால்வாய் ஓரத்தில் தண்ணீர் மட்டத்திலேயே கதவு வைத்த அறைகள். "மழை பேஞ்சா தண்ணி உள்ள பூந்துடாதான்னு கேளு" என்றார். ஒரு பெரிய மாதா கோயில். அதன் கோபுரம் ஒரு பக்கம் தனியாக நின்றது, கோயில் இன்னொரு பக்கம் தனியாக நின்றது. ஒரு காலத்தில் நடுப்பாகம் புயலில் இடிந்து விழுந்துவிட்டதாம், அதைத் திரும்பக் கட்டவே இல்லையாம், இப்போது அந்த இடத்தில் ஜனங்கள் நடந்து போகிறார்களாம். அந்தப் படத்தை மட்டும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கட்டியிருக்கலாம்" என்றார்.

விசாவுக்கு எந்தெந்த நாளில் எங்கே இருப்போம் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டியிருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவர்தான் டைப் அடித்தார். முதல் நாள் கால்வாயில் படகு. இரண்டாம் நாள் கோபுரம். மூன்றாம் நாளுக்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு வீடுன்னு போட்டுடலாங்க, சுளுவா விசா கிடைக்கும்" என்றார் கடைக்காரர். "நாங்க ஊரு சுத்திப் பாக்கப் போறோம், அவ்ளோதான்" என்றார் இவர். காலியாக விடக்கூடாது என்று கடைக்காரர் சொன்னதும், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓய்வுன்னு போடு" என்றார். மூன்று நாள் போகிற இடத்தில் ஒரு நாள் என்ன ஓய்வு என்று வழியெல்லாம் நான் கேலி செய்துகொண்டே வந்தேன்.

விசா வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்குத் திடீரென்று நாள், நட்சத்திரம் எல்லாம் ஞாபகம் வந்தது. வேலையில் இருந்தபோது ராகு காலம் என்று யாராவது சொன்னால், "ராகு காலம் பார்த்துக்கினு இருந்தா பஸ் எப்ப சென்னை போய்ச் சேர்றது?" என்று கேட்கிற ஆள். இப்போது காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விமானம் மார்கழியில். மார்கழியில் நல்ல காரியத்துக்குக் கிளம்பலாமா என்று ஜோசியரிடம் போய்க் கேட்டார். கார்த்திகை முடிவதற்குள் பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார் அவர். பரஸ்தானம் என்றால், நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நம் பையை மட்டும் அந்த நேரத்தில் கிளப்பிக்கொண்டு போய், போகிற வழியில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பினால் நாம் கிளம்பிய கணக்கு. கிளம்பிய பை வீடு திரும்பக் கூடாது, நடுவில் அதைத் திறக்கவும் கூடாது. சென்னைக்குப் போகிற வழியில் எங்களுக்கு இருக்கிற வீடு திண்டிவனத்தில் தங்கை வீடுதான்.

கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை. பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. விடியற்காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, ராகு காலம் பிறப்பதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பையை நான்தான் முதல் நாளே கட்டி வைத்திருந்தேன். ஸ்வெட்டர், சாக்ஸ், குரங்குக் குல்லாய், பெண்ணுக்காக வேர்க்கடலை வறுத்து நான் பிடித்த மல்லாட்டை உருண்டை ஒரு டப்பா. கூடவே, வெளிநாட்டில் அலையக் கூடாது என்று, அவருடைய பி.பி. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்திருந்தேன். ஒரு அட்டைகூட வெளியே வைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாத்திரை எடுத்துத் தரப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. "தங்கச்சிக்குப் போன் பண்றேன், ஒரு அட்டைய எடுத்து பஸ்ல குடுத்து அனுப்பட்டும்" என்றேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெச்ச பையத் தொறந்தா அப்புறம் இன்னாத்துக்கு வெச்சது? நாலு வருஷம் கழிச்சு எம்பொண்ணப் பாக்கப் போறேன். ஒரு குறையும் வரக்கூடாது" என்றார். அப்படியானால் கடையிலாவது வாங்குங்கள் என்றேன். வாங்குகிறேன், வாங்குகிறேன் என்றார். மருந்துக் கடை எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. இரண்டு நாள் சண்டை போட்டேன். ஆள் நன்றாகத்தான் இருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். பயண வேலைகளில் நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எவ்வளவு எளிதாக எழுதுகிறேன் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் ஷூ போட்டு நடந்துவிட்டு, கழற்றுவதற்காக உட்கார்ந்தார். கயிறு கையில் பிடிபடவில்லை. "ஏம்மா, இந்தக் கையி..." என்றார். அதற்கு மேல் பேச்சு குழறிவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். ஆறு நாளாக இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா விட்டிருக்கக் கூடாது" என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் உயிர் போனது. மறுநாள்தான் எங்கள் விமானம்.

அந்த விமானத்தில் நாங்கள் போகவில்லை. எதிர்ப்பக்கமிருந்து பெண் மட்டும் வந்தாள். தெருவில் ஷாமியானாவுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் இருந்த அப்பாவைக் கண்ணாடி வழியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை வைத்த இடமெல்லாம் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் எல்லாம் தலைமுழுகி வீட்டுக்குள் போனோம். அவள் மட்டும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா சொன்னது சொன்னதுதாம்மா. அவரு அதத் திருப்பி எடுத்துக்கல" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன். என் தங்கைதான் சமாதானம் சொல்லித் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனாள். பதினாறாம் நாள் வரை நான் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அப்பன் போன வீட்டில் நான் தனியாக, பெற்ற பெண் ஒரு மணி நேர தூரத்தில்.

ஐந்தாம் நாள் தங்கை போன் செய்தாள். "அக்கா, மாமா பையில எறும்பு ஏறுது. இன்னா பண்றது?" என்றாள். மல்லாட்டை உருண்டை. திறக்கச் சொன்னேன். வீடியோவில் காட்டச் சொன்னேன். பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். உருண்டை டப்பாவைத் தங்கை வெளியே கொண்டுபோய்த் தட்டினாள். மாத்திரை அட்டைகள் வந்தன. "இவ்ளோ மாத்திரையா? அப்ப அங்க அப்பா இன்னா சாப்பிட்டாரு?" என்று பெண் கேட்டாள். "அது பயணத்துக்குன்னு தனியா வாங்கினதும்மா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் அப்படியே வந்துவிட்டது.

அடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதை நான் வைக்கவில்லை. உள்ளே ஒரு பட்டுக்கரை வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு புடவை, மஞ்சள், குங்குமம், கொட்டைப்பாக்கு. என் தங்கை சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு அக்கா? மாமா மாதிரி ரெண்டு பேரு உள்ள பூந்துக்கலாம் போல" என்றாள். எங்கள் மாப்பிள்ளை ரொம்ப உயரம். கல்யாண போட்டோவில் பெண் அவர் நெஞ்சு மட்டத்துக்குத்தான் நிற்கிறாள். அந்தப் போட்டோவை இவர் எப்போது பார்த்தார், எத்தனை தரம் பார்த்தார், எனக்குத் தெரியாது. மஞ்சள் குங்குமமும் மாப்பிள்ளைக்குத் துணியும் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு முதல் முதலாகப் போகிறவர்கள் எடுத்துப் போவது. வாடகை அறைக்கு அதை யாரும் எடுத்துப் போவதில்லை. மூன்றாம் நாள் ஓய்வு என்று அவர் எழுதச் சொன்னது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பெண் வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். "அவரு வர்றதாத்தானே இருந்தாரு. அப்ப நானும் வரலாம்" என்று சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். அப்பா உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் வாய்விட்டு அழுதோம்.

பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, திண்டிவனத்தில் இறங்கி அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கிளம்பிய பை திரும்பக் கூடாது என்று சொன்னேன், சரி என்றாள். நேராக வீட்டுக்கும் போகவில்லை. உட்ரெக்டில் இறங்கி, அந்தக் கோபுரத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் பையோடு நடந்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தன் வாசப்படியில் பையை வைத்து ஒரு போட்டோ அனுப்பினாள். பக்கத்தில் மாப்பிள்ளை வேட்டியைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

மாத்திரைகளை மட்டும் தங்கையிடம் சொல்லிப் பையிலிருந்து எடுத்து வாங்கிக்கொண்டேன். சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கூப்பிடுகிறாள். பையைக் கட்டியது நான், மாத்திரையை உள்ளே வைத்தது நான், தெருமுனை மருந்துக் கடைக்குப் போகாமல் இருந்ததும் நான் என்று இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுக்கிறேன். "அம்மா, அவரு வேட்டி கட்டக் கத்துக்கிட்டாரு. நீ எப்ப வர்ற?" என்று அவள் கேட்கிறாள். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.