பின்னால் வந்த சென்டர் ஃபார்வர்ட்

எங்கள் வீட்டில் உலகக் காற்பந்துக்கு நெத்திலிக் கருவாட்டின் வாசனை. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டார மளிகைக் கடைக்காரர் கருவாடு மடித்துக் கொடுக்கும் ஆங்கிலச் செய்தித்தாளை, அம்மா அடுப்பில் போடுவதற்குள் நான் பிடுங்கிக்கொள்வேன்; விளையாட்டுப் பக்கமாக இருந்தால் உப்பையும் செதிலையும் உதறிவிட்டு, அண்ணன் மாரிமுத்துவுக்குத் தமிழில் படித்துக் காட்டுவேன். அவன் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன். நான் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஆகவே பதினோரு வயதிலேயே அவனுக்கு அனைத்துலகக் காற்பந்து நிபுணர் நான்தான். இந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன், அவனும் மறுக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் பந்தை வானத்துக்கு அனுப்பிவிட்டு அதன் பின்னால் ஓடுவார்கள், பிரேசில்காரர்கள் பந்தைக் கொஞ்சிக்கொண்டே போவார்கள் என்றெல்லாம் ஓர் ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமலே அடித்துவிடுவேன். என்னை மயக்கியது ஹங்கேரி. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் கோலுக்கு முன்னால் நிற்காமல் நடுத்திடலுக்கு இறங்கி வந்துவிடுவானாம். அவனைக் காவல் காப்பவனும் பின்னாலேயே வந்துவிட, காலியான இடத்தில் மற்றவர்கள் புகுந்து கோல் போடுவார்களாம். அந்தத் தாள் கிழியும்வரை படித்தேன். அண்ணனும் சென்டர் ஃபார்வர்ட்தான், ஆனால் அவன் ஆட்டம் வேறு. நாலு பேர் கால்களுக்கு நடுவே பந்தோடு நுழைந்து வெளியே வருவான். "பாடாங்"கில், அதாவது எங்கள் திடலில், அவனுக்குப் "பாம்பு" என்று பெயர்.

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. அப்பா வேலை செய்த துணிக்கடையின் முதலாளி கடையை மூடிவிட்டு இந்தியாவுக்குத் திரும்பத் தீர்மானித்தார். "வெள்ளக்காரன் போனப்பறம் நம்மள யாரு வச்சிக்குவா, நாமளும் கப்பல் ஏறிட வேண்டியதுதான்" என்று அப்பாவும் புலம்பத் தொடங்கிவிட்டார். நல்ல பந்தாட்டக்காரன் என்றால் அரசாங்க அலுவலகங்கள் கூப்பிட்டு வேலை கொடுத்துத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்ட காலம் அது. மலாக்கா குழுவுக்கான தேர்வாட்டத்துக்கு அண்ணனுக்கு அழைப்பு வந்தது. "எடுத்துட்டாங்கன்னா இருப்போம். இல்லன்னா பொட்டியக் கட்டுவோம்" என்றார் அப்பா.

பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, வெட்டி வெட்டிப் போனா பழைய ஆட்டம்னு நெனப்பாங்க. ஹங்கேரிக்காரன் மாதிரி பின்னால எறங்கி வா" என்றேன். அவன் சற்று யோசித்தான். "நீ படிச்சவ பாப்பா, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ஆட்டம் தொடங்கியதும் சொன்னபடியே இறங்கி வந்தான். பந்தை வாங்கி, முன்னால் இருந்த காலி இடத்தில் கையால் வைத்ததுபோல் அழகாக வைத்தான். அங்கே ஒருவரும் இல்லை. கூட ஆடியவர்கள் அன்றுதான் முதன்முதலில் ஒருவரையொருவர் பார்த்தவர்கள். என் கருவாட்டுத் தாளை அவர்கள் எங்கே படித்தார்கள். மறுபடியும் வைத்தான், மறுபடியும் பந்து அநாதையாக உருண்டு கோட்டைத் தாண்டியது. பதினோரு பேருக்கும் தெரிந்தால்தான் அது ஆட்டம், ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் கோமாளித்தனம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழையபடி ஆடண்ணே என்று கத்தக் கோட்டோரம் ஓடினேன். அதற்குள் தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மலாயில் "தாக்குட்" என்றார். பயந்தவனாம், என் அண்ணன். பாதி ஆட்டத்தில் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் அப்பா கேட்டார்: "முன்ன நிக்க வேண்டியவன் ஏன்டா பின்னாலயே சுத்துன?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "கால் வலிப்பா. ஓட முடியல" என்றான்.

அப்பாவும் அவனும் முதலில் கப்பல் ஏறினார்கள். என் பள்ளியாண்டு முடிந்ததும் அம்மாவும் நானும் போவதாக ஏற்பாடு. தாய்மாமா எங்களைப் போக விடவில்லை. அப்புறம் குடிநுழைவுச் சட்டங்கள் மாறின, அப்பா அங்கேயே இறந்தார், அண்ணனால் திரும்பி வரவே முடியவில்லை. வருடக்கணக்காகக் கடிதம் எழுதினான். எந்த நாடு எப்படி ஆடுகிறது என்று கேட்பான். தான் பந்தைத் தொட்டதாக ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை.

இன்று அந்தத் திடலில் கடைவீடுகள் நிற்கின்றன. நாட்டுக்கு நாடு ஆட்டம் வேறு வேறாக இருந்த காலமும் போய்விட்டது. இங்கிலாந்தும் பிரேசிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளாக ஆடுகின்றன. தொலைக்காட்சியில் ஒரு சென்டர் ஃபார்வர்ட் நடுத்திடலுக்கு இறங்கி வந்தால் வருணனையாளர் மேதை என்று புகழ்கிறார். "என்னா மூளை பாருங்கம்மா" என்று என் மகனும் வியக்கிறான். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

அண்ணன் போன வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் காலமானான். கடைசிவரை யாரிடமும் அவன் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: அன்று அவன் காலில் ஒரு வலியும் இல்லை.