சாயக்குழி மீன்

வெண்ணந்தூரில் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்தே, மாமாவின் பட்டறையில் அன்று என்ன சாயம் என்று சொல்லிவிடலாம். தறிக்காரர்களுக்கு நூலைச் சாயத்தில் நனைத்துக் கொடுப்பது அம்மாவின் தம்பியான அவருடைய தொழில். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

சாயத்தண்ணீர் தெருக்கோடித் தோட்டத்தில் போய்த் தேங்கும். அந்தத் தோட்டத்துக் கிணற்றில்தான் தெருவே குடிதண்ணீர் சேந்தியது. ஒரு கோடையில் தோட்டத்துக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, கெணத்துத் தண்ணி செவந்து வருதுங்க. இது குடிக்கறதுங்களா, சேலை நனைக்கறதுங்களா? பட்டறைய நிறுத்திப்போடுங்க."

மாமா அவகாசம் கேட்டு, பட்டறைக்குப் பின்னால் மூன்று குழிகள் வெட்டினார். முதலாவதில் ஜல்லி, அடுத்ததில் மணலும் அடுப்புக்கரியும். இரண்டிலும் வடிந்த தண்ணீர் மூன்றாவதில் ஏறக்குறையத் தெளிந்து நின்று, பழையபடி தோட்டத்துக்கே வழிந்து போனது. கண்ணால் பார்த்தும் நம்பாதவர்களுக்காக அதில் ஒரு கெண்டையை விட்டார்.

"மீனு பொழச்சுக் கெடந்தா நல்ல தண்ணிதானுங்களே?"

தோட்டத்துக்காரர் சந்தை நாள்தோறும் வந்து எட்டிப் பார்ப்பார். மீன் நீந்திக்கொண்டிருக்கும். திருப்தியாகப் போய்விடுவார்.

அந்த மீனுக்குப் பொரி போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மாமா விடிந்ததும் சைக்கிளில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்வருவார். பால் வாங்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். வீட்டிலேயே எருமை நின்றது என் யோசனைக்கு வரவில்லை.

ஒருநாள் மீனின் வால் கிழிந்திருந்தது. மறுநாள் முழு வாலோடு நீந்தியது. நான் அம்மாவிடம் ஓடினேன்.

"மீனுக்கு வாலு மொளச்சிருச்சும்மா."

அம்மா மாவுக் கையோடு வந்து, குழியில் குனிந்து மீனின் வாலைப் பார்த்தாள்.

"ஆமாஞ் சாமி, மொளச்சிருச்சு," என்றாள்.

மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு குடங்களோடு ஊருக்கு வெளியே இருந்த கோயில் கிணற்றுக்கு நடந்தாள். பிறகு தினமும் போனாள். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம், அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகிறது என்றாள். ஒரு குடம் எங்களுக்கு. மற்றதைப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த அக்காவின் வாசலில் இறக்கிவிடுவாள்.

"அவங்க ஊட்டுப் பருப்பு வேகாட்டி நமக்கென்னம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அம்மா குடத்தைக் கழுவப் போய்விடுவாள்.

இன்று என் மகளுக்குத் தண்ணீர் காய்ச்சுகிறேன். போதாதோ என்று ஆறியதை மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிறேன். அம்மா இடத்தில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று யோசித்தால், திறந்திருப்பேன் என்று தோன்றும். அடுத்த நிமிடமே இல்லை என்றும் தோன்றும்.

கோயில் கிணற்றிலிருந்து திரும்பும்போது மற்ற வீடுகளையெல்லாம் அம்மா தலையைக் குனிந்தபடியே கடப்பாள். குடத்தின் கனம் என்றுதான் நினைத்தேன்.